கடைமடைக்கு எட்டாத வெந்நீர்: ஹாரோ வீடொன்றின் சுழற்சிப் பம்ப், ஒரு நிகழ்வு ஆய்வு

குறை

வீடு வடமேற்கு லண்டனில், ஹாரோ வட்டாரத்தில் இருக்கிறது. 1930-களில் கட்டியது, ஒரு பக்கச் சுவர் பக்கத்து வீட்டுக்கும் பொது. மாடியில் மூன்று படுக்கையறைகள், கீழே இரண்டு கூடங்கள். பின்பக்கம் ஒற்றைத் தளமாக ஒரு நீண்ட அறையைப் பிற்காலத்தில் கூட்டிக் கட்டியிருக்கிறார்கள். அதில் ஒரு புறம் சாப்பாட்டு மேசை, மறுபுறம் படியேற முடியாத அம்மாவின் கட்டில். வீட்டிலேயே அதிகச் சூடு தேவைப்படுபவர் அந்த அம்மாதான். வீட்டிலேயே குளிர்ந்த அறையும் அதுதான்.

வெளியே 4 டிகிரி இருந்த ஒரு மாலை நேரத்தில் பார்த்தபோது பின் அறை 15 டிகிரியில் நின்றது. மாடியில் முன்பக்கப் படுக்கையறை 25 டிகிரி. ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள். வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர்களில், அறை சூடானதும் தானே மூடிக்கொள்ளும் தெர்மோஸ்டாட் வால்வுகள் இரவில் சீறுகின்றன, தூக்கம் கெடுகிறது என்றார்கள். மாடி ரேடியேட்டர்களில் வாராவாரம் காற்று சேர்ந்துவிடும், சிறு சாவியால் திறந்து வெளியேற்றாவிட்டால் மேல்பாதி சூடேறாது என்பது அடுத்த குறை. பின் அறையில் 2 கிலோவாட் மின்சார எண்ணெய் ஹீட்டர் ஒன்று நாள் முழுவதும் ஓடிக்கொண்டிருந்தது.

முன்பு வந்து பார்த்த ஒருவர், பாய்லரின் வெந்நீரை ரேடியேட்டர்களுக்குள் சுற்றிவிடும் பம்பின் வேகத்தை ஒன்றிலிருந்து மூன்றுக்கு ஏற்றிவிட்டுப் போயிருந்தார். "மூன்றுக்கு மேல் அதில் இல்லை தம்பி, இருந்தால் அதையும் வைத்துப் பார்த்திருப்பேன்" என்றார் வீட்டுக்காரர். வேகத்தைக் கூட்டிய பிறகு பின் அறையில் ஏதாவது மாற்றம் தெரிந்ததா என்று கேட்டேன். "சொல்லும்படியாக இல்லை. சத்தம்தான் கூடியது" என்றார். இந்த வழக்கின் முக்கால்வாசி அந்தப் பதிலுக்குள்ளேயே இருந்தது.

குழாய் அமைப்பு

சமையலறைச் சுவரில் 18 கிலோவாட் எரிவாயு பாய்லர். புகையிலுள்ள நீராவியைக் குளிர்வித்து அதன் வெப்பத்தையும் மீட்கும் கண்டென்சிங் வகை. தேவைக்கேற்பச் சுடரைக் குறைத்துக்கொள்ளக்கூடியது. இங்கிலாந்தில் 2005 ஏப்ரலிலிருந்து புதிதாகப் பொருத்தும் எரிவாயு பாய்லர்கள் பொதுவாக இந்த வகையாகத்தான் இருக்கவேண்டும். பாய்லருக்குள் பம்ப் கிடையாது. மாடியில் வெந்நீர்ச் சிலிண்டர் வைத்த அலமாரிக்குள்தான் பம்பும், தண்ணீரைச் சிலிண்டருக்கும் ரேடியேட்டர்களுக்கும் மாற்றிவிடும் மின்வால்வும் இருக்கின்றன. பரணில் ஒரு சிறு தொட்டி. அமைப்பில் தண்ணீர் குறைந்தால் அதிலிருந்து இறங்கும். சூடேறித் தண்ணீர் விரிந்தால் அதற்குள் ஏறும். அந்தத் தொட்டியின் மேல் கொக்கிபோல் வளைந்து நிற்பது திறந்த காற்றுக் குழாய்.

மொத்தம் பதினொரு ரேடியேட்டர்கள். பழைய வீட்டுப் பகுதிக்கு 22 மி.மீ. செம்புக் குழாய் போகிறது, மாடி ரேடியேட்டர்கள் அதிலிருந்து ஓரிரு மீட்டர் தூரத்தில் கிளைக்கின்றன. பின் அறைக்கு மட்டும் 15 மி.மீ. குழாய் ஒன்று தனியே பிரிந்து, தரைக்கடியில் சுமார் 14 மீட்டர் போய், கடைசியில் இரண்டு 10 மி.மீ. குழாய்களாகி இரண்டு பெரிய ரேடியேட்டர்களுக்கு ஏறுகிறது. கூட்டிக் கட்டியபோது மரப்பலகையைப் பெயர்க்கச் சோம்பல்பட்டு மெல்லிய குழாயோடு முடித்திருக்கிறார்கள். இது தப்பு என்று சொல்லிவிட முடியாது. அந்த 15 மி.மீ. குழாய் 3 கிலோவாட் வெப்பத்தைச் சுமக்கத் தாராளமாகப் போதும். ஆனால் அதன் தடை மற்ற கிளைகளின் தடையைவிடப் பல மடங்கு.

அளவுகள்

வெந்நீர் வெப்பமாக்கலில் கணக்கு ஒன்றே ஒன்றுதான். நொடிக்கு எத்தனை லிட்டர் ஓடுகிறது, போகும்போதும் திரும்பும்போதும் வெப்பநிலை எவ்வளவு வேறுபடுகிறது, இரண்டையும் பெருக்கி 4.19-ஆல் பெருக்கினால் கிலோவாட். எனவே ஓட்டத்தை அளக்கும் கருவி இல்லாவிட்டாலும் குழாயில் கவ்வும் இரண்டு வெப்பமானிகள் பாதி வேலையைச் செய்துவிடும். மீதிப் பாதியை எரிவாயு மீட்டர் செய்யும்: சில நிமிடம் நேரம் பிடித்து எவ்வளவு வாயு எரிந்தது என்று பார்த்தால் பாய்லர் தரும் வெப்பம் கிட்டத்தட்டத் தெரிந்துவிடும்.

பாய்லர் அப்போது சுமார் 9 கிலோவாட் கொடுத்துக்கொண்டிருந்தது. போகும் தண்ணீர் 72 டிகிரி, திரும்பும் தண்ணீர் 64. வித்தியாசம் வெறும் 8 டிகிரி. அப்படியானால் நிமிடத்துக்கு 16 லிட்டர் ஓடுகிறது. இந்த வீட்டுக்கு அதில் பாதி போதும்.

மாடி முன் படுக்கையறை ரேடியேட்டரில் நுழைவது 71, வெளியேறுவது 66. பின் அறையில் தூரத்து ரேடியேட்டரில் நுழைவது 68, வெளியேறுவது 27. இந்த இரண்டு வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாடியில் தண்ணீர் வெப்பத்தை இறக்கி வைக்கக்கூட நேரமில்லாமல் ஓடுகிறது. பின் அறையிலோ தண்ணீர் அவ்வளவு மெதுவாக ஊர்வதால், வெளியேறுமுன் அறையின் வெப்பத்தையே நெருங்கிவிடுகிறது. கையை வைத்தால் நுழையும் பக்கத்து மேல் மூலை சுடுகிறது, எதிர்க்கீழ் மூலை சில்லென்றிருக்கிறது. கணக்குப் போட்டால் அந்த ரேடியேட்டருக்குள் மணிக்கு 16 லிட்டர்தான் போகிறது. தேவை ஏறத்தாழ 60 லிட்டர்.

பங்கு போடுவது பம்ப் அல்ல

காவிரி டெல்டாவைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் அணையில் கூடுதலாகத் திறந்துவிடுவதால் மட்டும் வந்துவிடாது. தலைமடையின் மதகுகள் திறந்தே கிடந்தால் கூடுதல் தண்ணீரும் அங்கேதான் பாயும்.

இதைக் குழாய்க் கணக்கிலும் காட்டலாம். குழாயில் உராய்வால் ஏற்படும் அழுத்த இழப்பு ஓட்டத்தின் வர்க்கத்தை ஒட்டி வளர்கிறது. ஆகவே ஒரு கிளையின் இரு முனைகளுக்கிடையில் அழுத்தம் இரட்டிப்பானால் ஓட்டம் இரட்டிப்பாகாது, 1.4 மடங்குதான் ஆகும். இந்த 1.4 மடங்கு எல்லாக் கிளைகளுக்கும் ஒன்றுபோல. மாடிக்குப் பத்துப் பங்கு, பின் அறைக்கு ஒரு பங்கு என்று இருந்தால், வேகத்தைக் கூட்டிய பிறகும் பத்துக்கு ஒன்றுதான். பின் அறை ரேடியேட்டரில் மணிக்கு 12 லிட்டர் ஓடியது 16 ஆகியிருக்கும். தேவை 60 என்னும்போது இந்த நான்கு லிட்டரை யார் உணர்வார்? ஆனால் அதே 1.4 மடங்கு மாடியில், ஏற்கெனவே தேவைக்கு மேல் ஓடும் வால்வுகளில், சீறலாக வெளிப்படும். தெர்மோஸ்டாட் வால்வின் இரு பக்கங்களுக்கும் இடையில் சுமார் 0.2 பார், அதாவது இரண்டு மீட்டர் நீர்மட்ட அழுத்தத்தைத் தாண்டினால் சத்தம் தொடங்கும். மூன்றாம் வேகத்தில் இந்தப் பழைய பம்ப் கொடுத்தது ஐந்து மீட்டருக்கு மேல்.

இன்னொரு கணக்கும் இங்கே வேண்டும், இதைப் பெரும்பாலோர் நம்புவதில்லை. ரேடியேட்டருக்குள் ஓட்டத்தை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தால் அது தரும் வெப்பமும் மூன்றில் ஒன்றாகிவிடும் என்று தோன்றும். அப்படி ஆகாது. நுழைவு 71, வெளியேற்றம் 66 என்று இருந்த மாடி ரேடியேட்டரில் வெளியேற்றம் 56 ஆகும்வரை வால்வை நெரித்தால், ரேடியேட்டரின் சராசரி வெப்பநிலை 68.5-லிருந்து 63.5-க்குத்தான் இறங்குகிறது. 20 டிகிரி அறைக்கு அது தரும் வெப்பம் ஏறத்தாழ 13 விழுக்காடு மட்டுமே குறையும். மாடிக்கு 25 டிகிரி கொடுத்துக்கொண்டிருந்த ரேடியேட்டருக்கு இது இழப்பே அல்ல. ஆனால் அங்கே மிச்சமாகும் தண்ணீர் கடைமடைக்குப் பெரும் வரவு. தண்ணீர் நிறையக் கிடைக்கும் ரேடியேட்டரிடமிருந்து எவ்வளவு எடுத்தாலும் அதற்குச் சற்றுத்தான் வலிக்கும். பட்டினி கிடக்கும் ரேடியேட்டருக்குச் சொட்டுக் கொடுத்தாலும் உடனே தெரியும். வெப்பமாக்கல் அமைப்பைச் சமன்செய்வது பலிப்பதற்குக் காரணமே இந்த வளைந்த உறவுதான்.

பரணிலிருந்து வந்த காற்று

மாடி ரேடியேட்டர்களில் வாராவாரம் காற்று எங்கிருந்து வருகிறது என்பதைத் தீர்க்காமல் வால்வுகளில் கைவைப்பதில் பொருளில்லை. காற்றோடு ஆக்சிஜன் வரும். ஆக்சிஜன் எஃகு ரேடியேட்டரை அரிக்கும். அரிப்பின் விளைவு காந்தத்தில் ஒட்டும் கறுப்புச் சேறு. சேறு போய்ப் படிவது ஓட்டம் மெதுவாக உள்ள இடத்தில். இந்த வீட்டில் அது பின் அறை.

பரணில் ஏறி, வளைந்த காற்றுக் குழாயின் வாய் மூழ்கும்படி ஒரு கிண்ணத்தில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு, கீழே பம்பைப் போடச் சொன்னேன். கிண்ணத்துத் தண்ணீர் குழாய்க்குள் சரசரவென்று ஏறியது. அந்த வாய் வழியாக அமைப்பு காற்றை உறிஞ்சுகிறது என்பதற்கு இதைவிட எளிய சோதனை கிடையாது.

குழாய்களின் வரிசை சரியாகத்தான் இருந்தது: பாய்லரிலிருந்து வரும் குழாயில் முதலில் காற்றுக் குழாய், ஒரு சாண் தூரத்துக்குள் தொட்டியின் நிரப்புக் குழாய், அதற்கு அப்பால் பம்ப். பிறகு ஏன் உறிஞ்ச வேண்டும்? இங்கே ஒரு சின்னக் காந்தம் போதும். செம்பில் காந்தம் ஒட்டாது. ஆனால் நிரப்புக் குழாய் வந்து சேரும் மூட்டின்மேல் வைத்ததும் டக்கென்று ஒட்டிக்கொண்டு நின்றது. செம்புக்கு உள்ளே அவ்வளவு சேறு. அந்தத் துண்டை அறுத்து எடுத்துப் பார்த்தால், 15 மி.மீ. குழாயின் உள்ளே சுற்றிலும் கரி போன்ற கறுப்பு வளையம். நடுவில் பென்சில் முனை நுழையும் துளை. ரேடியேட்டர்களில் காற்றை வெளியேற்றும்போதெல்லாம் குறையும் தண்ணீரை ஈடுசெய்யத் தொட்டியிலிருந்து வழியில்லாமல், பம்ப் திறந்திருந்த ஒரே வாயிலிருந்து, அதாவது காற்றுக் குழாயிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தது. வேகத்தைக் கூட்டியது இந்த இழுப்பையும் கூட்டியது. காற்றை வெளியேற்றுவது, தண்ணீர் குறைவது, மேலும் காற்று உள்ளே வருவது என்று ஒரு வட்டம்.

மூட்டைப் புதிதாகப் போட்டோம். பின் அறை ரேடியேட்டர்கள் இரண்டையும் கழற்றித் தோட்டத்தில் வைத்துக் குழாய்த் தண்ணீரை அடித்தபோது புல்தரையில் மை கொட்டியதுபோல் ஆனது. முழு அமைப்பையும் கழுவி, பாய்லருக்குத் திரும்பும் குழாயில் காந்த வடிகட்டி பொருத்தி, அரிப்புத் தடுப்பு மருந்து கலந்து நிரப்பினோம். அதன் பிறகு கிண்ணச் சோதனையில் தண்ணீர் அசையவில்லை.

சமன்செய்தல்

ஒவ்வொரு ரேடியேட்டரிலும் இரண்டு வால்வுகள் உண்டு. ஒன்று நாம் திருகும் வால்வு, பெரும்பாலும் தெர்மோஸ்டாட் வகை. மற்றொன்று திரும்பும் பக்கத்தில் பிளாஸ்டிக் மூடி போட்டு மறைந்திருக்கும் லாக்ஷீல்டு வால்வு. வீட்டில் வசிப்பவர்கள் அதைத் தொடக்கூடாது என்பதற்குத்தான் மூடி. ரேடியேட்டரை மாற்றுபவர்கள் பலர் அதை முழுக்கத் திறந்துவிட்டு மூடியைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். இந்த வீட்டில் பதினொன்றும் முழுக்கத் திறந்திருந்தன.

தெர்மோஸ்டாட் வால்வுகளின் தலைகளைக் கழற்றி எல்லாவற்றையும் திறந்த நிலையில் விட்டு, பழைய பம்பை முதலாம் வேகத்துக்கு இறக்கினேன். வீட்டுக்காரர் முகம் சுருங்கியது. "இருப்பதையும் குறைக்கிறீர்களே தம்பி?" "கொஞ்சம் பொறுங்கள் அண்ணை, பங்கைச் சரிசெய்துவிட்டுப் பிறகு அளவைப் பார்ப்போம்."

பம்புக்கு மிக அருகில் இருக்கும் ரேடியேட்டரிலிருந்து தொடங்கி, போகும் வரும் குழாய்களில் வெப்பமானிகளைக் கவ்வவிட்டு, வித்தியாசம் சுமார் 15 டிகிரி ஆகும்வரை லாக்ஷீல்டை மூடிக்கொண்டே போகவேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலை இது. இந்த வால்வுகள் நுட்பமான அளவுக்குச் செய்தவை அல்ல. முழுக்க மூடிய நிலையிலிருந்து கால் சுற்றுத் திறப்பதற்குள் பாதிக்கு மேல் ஓட்டம் வந்துவிடும். மாடிச் சிறு அறைக்கு எட்டில் ஒரு சுற்றே போதுமானது. ஸ்பானரைத் திருப்பினேனா இல்லையா என்ற சந்தேகம் வரும் அளவு அசைவு. ஒன்றை மூடினால் மற்றவற்றின் பங்கு மாறும். எனவே வீட்டைச் சுற்றி முடித்ததும் முதலிலிருந்து மறுபடி ஒரு சுற்று வரவேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ரேடியேட்டர் நிலைக்கு வரக் காத்திருக்கவும் வேண்டும். கட்டணம் பேசும்போது யாரும் கணக்கில் சேர்க்காத நேரம் இதுதான். பலர் இந்த வேலையைத் தவிர்த்துவிட்டுப் பம்பின் வேகத்தைத் தட்டிவிடுவதும் அதனால்தான்.

பின் அறையின் இரண்டு லாக்ஷீல்டுகளையும் முழுக்கத் திறந்தபடி விட்டேன். மற்ற ஒன்பதும் ஒடுங்கியதும், பழைய பம்ப் அதே முதலாம் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்க, தூரத்து ரேடியேட்டரின் வெளியேறும் குழாய் 27-லிருந்து 44-க்கு வந்தது. புதுப் பம்ப் எதுவும் இன்னும் போடவில்லை. எதிர்க்கீழ் மூலையில் அம்மாவே வந்து கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நாளும் இந்தப் பக்கம் செத்துக் கிடந்தது" என்றார்.

அப்படியானால் பம்பை ஏன் மாற்றவேண்டும்?

பழைய மூன்றுவேகப் பம்பின் குணம் ஒன்று இருக்கிறது. ஓட்டம் குறையக் குறைய அது தரும் அழுத்தம் ஏறும். சாயங்காலம் மாடி அறைகள் சூடேறித் தெர்மோஸ்டாட் வால்வுகள் ஒவ்வொன்றாக மூடும்போது, திறந்திருக்கும் இரண்டொரு வால்வுகளின் மேல் முழு அழுத்தமும் விழும். முதலாம் வேகத்திலும் நள்ளிரவில் லேசான சீறல் கேட்டது. மின்சாரம் இன்னொரு காரணம். மூன்றாம் வேகத்தில் அது சுமார் 90 வாட் இழுத்தது. ஓட்டம் தேவையோ இல்லையோ அதே அளவு. பம்பின் சுழல் வேகம் பாதியானால் ஓட்டம் பாதியாகும், அழுத்தம் கால் ஆகும், வேண்டிய ஆற்றலோ எட்டில் ஒன்றாகும். இந்த மூன்றாம் படி உறவை மூன்று நிலைகள் மட்டுமே உள்ள பொத்தானால் பயன்படுத்திக்கொள்ள முடியாது.

ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரில் வில்ஹெல்ம் ஓப்லேண்டர் 1928-இல் வெந்நீர்ச் சுழற்சியை முடுக்கும் பம்புக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய குடும்பம் 1872-இல் தொடங்கிய நிறுவனம்தான் இன்றைய விலோ. அதற்கு முன் சூடான தண்ணீர் இலேசாகி மேலேறுவதை மட்டும் நம்பிப் பருத்த குழாய்களோடு வீடுகளைச் சூடாக்கினார்கள். அந்தக் காலத்திலிருந்து பம்பின் வேகம் பெரும்பாலும் மாறாத ஒன்றாகவே இருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகள்தான் சந்தையைப் புரட்டிப்போட்டன: தனியாகப் பொருத்தும் ஈர ரோட்டர் (சுழலும் பகுதி தண்ணீருக்குள்ளேயே இருக்கும்) பம்புகளின் ஆற்றல் திறன் குறியீடு 2013 ஜனவரி முதல் 0.27-க்கு மிகக்கூடாது, 2015 ஆகஸ்ட் முதல் 0.23-க்கு மிகக்கூடாது. பழைய மூன்றுவேகப் பம்புகளால் இந்த வாசலைத் தாண்ட முடியவில்லை. எனவே இன்று மாற்றுவதென்றால் மின்னணுப் பம்ப்தான். நிரந்தரக் காந்த ரோட்டர், உள்ளேயே வேகக் கட்டுப்பாடு, எத்தனை வாட், எவ்வளவு ஓட்டம் என்று காட்டும் சின்னத் திரை எல்லாம் அதில் உண்டு.

எந்த முறை?

புதுப் பம்பில் மூன்று வகை அமைப்புகள் இருந்தன. வேகத்தை மாற்றாமல் ஓடுவது ஒன்று. ஓட்டம் எவ்வளவு குறைந்தாலும் அழுத்தத்தை ஒரே அளவில் வைப்பது இரண்டாவது. இது மாறா அழுத்தம். ஓட்டம் குறையும்போது அழுத்தத்தையும் சேர்த்துக் குறைத்துக்கொண்டே போய், ஓட்டம் நின்றால் பாதிக்குக் கொண்டுவருவது மூன்றாவது. இது விகித அழுத்தம். தெர்மோஸ்டாட் வால்வுள்ள ரேடியேட்டர்களுக்கு விகித அழுத்தத்தையும், தரையடி வெப்பமாக்கலுக்கு மாறா அழுத்தத்தையும் வைக்கச் சொல்வது பொது வழக்கு. கையேடுகளும் பெரும்பாலும் அப்படித்தான் சொல்கின்றன. அந்த அறிவுரைக்கு அடியில் ஓர் அனுமானம் இருக்கிறது. அழுத்த இழப்பில் பெரும்பகுதி எல்லோருக்கும் பொதுவான பெருங்குழாயில் நிகழ்கிறது என்பதே அது. மற்ற ரேடியேட்டர்கள் மூடினால் பெருங்குழாயில் ஓட்டம் குறையும், அங்கே இழப்பும் குறையும், பம்பும் அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

இந்த வீட்டின் நிலை தலைகீழ். பாய்லர், 22 மி.மீ. பெருங்குழாய் எல்லாம் சேர்ந்து முழு ஓட்டத்தில் அரை மீட்டர் அழுத்தத்தைத்தான் தின்கின்றன. பின் அறையின் தனிக் கிளை மட்டும் சுமார் 1.2 மீட்டர். மாடி முழுவதும் மூடினாலும் அந்தக் கிளைக்கு அதே 1.2 மீட்டர் வேண்டும். இரண்டு முறைகளையும் ஓடவிட்டு அளந்தோம். விகித அழுத்தத்தில், மாடி வால்வுகள் மூடிய பிறகு, பின் அறையிலிருந்து திரும்பும் தண்ணீர் மூன்று நான்கு டிகிரி இறங்கியது. ரேடியேட்டரின் வளைந்த உறவை முன்பே சொன்னேன். அதனால் அறையில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. இதற்காக மட்டும் என்றால் நான் விகித அழுத்தத்தையே விட்டிருப்பேன்.

தீர்மானித்தது வேறொன்று. எல்லா வால்வுகளும் மூடிக்கொண்டால் பாய்லருக்குள் குறைந்தபட்ச ஓட்டம் இருக்கவேண்டும். சுடர் அணைந்த பிறகும் உள்ளே தேங்கிய வெப்பத்தை எடுத்துப்போகப் பம்ப் சில நிமிடம் ஓடும், அந்தத் தண்ணீருக்கும் வழி வேண்டும். இதுவரை அந்த வழி, அறை தெர்மோஸ்டாட் இருக்கும் நடைக்கூடத்தின் ரேடியேட்டர். அதில் தெர்மோஸ்டாட் வால்வு கிடையாது. ஆனால் சமன்செய்தபோது அதையும் ஒடுக்கிவிட்டோம். எனவே பம்புக்குப் பிறகு, போகும் குழாய்க்கும் திரும்பும் குழாய்க்கும் நடுவில் தானியங்கி பைபாஸ் வால்வு ஒன்று பொருத்தினோம். இரு பக்க அழுத்த வித்தியாசம் குறித்த அளவைத் தாண்டினால் மட்டும் அது திறக்கும்.

விகித அழுத்தமும் தானியங்கி பைபாஸும் ஒன்றையொன்று முறித்துக்கொள்ளும் இடம் இதுதான். வால்வுகள் மூடும்போது அழுத்தம் ஏறினால்தான் பைபாஸ் திறக்கும். விகித அழுத்தப் பம்போ அதே நேரத்தில் அழுத்தத்தை இறக்குகிறது. பைபாஸ் திறக்கவே திறக்காது. பாய்லர் ஓட்டமில்லாமல் கொதிப்பை நெருங்கி, பாதுகாப்புக் கட்டுப்பாடு அதை அணைக்கும். பாய்லரை மாற்றவேண்டும் என்று முடிவெடுத்த வீடுகளில் எத்தனையில் இந்த இரண்டு பொருள்களின் சண்டைதான் காரணமோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

ஆகவே மாறா அழுத்தம், 2 மீட்டர். முழு ஓட்டத்தில் பாய்லரும் பொதுக் குழாயும் அரை மீட்டர் எடுத்துக்கொள்வதால் பைபாஸின் மேல் சுமார் 1.5 மீட்டர்தான் விழும், மூடியே இருக்கும். ரேடியேட்டர்கள் மூட மூட அந்த அரை மீட்டர் இழப்பு மறைந்து, பைபாஸின் மேல் அழுத்தம் 2 மீட்டரை நெருங்கும். அதனால் பைபாஸை 1.75 மீட்டரில் வைத்தோம். இடைவெளி குறுகலானது, பம்பின் அமைப்பை யாராவது பிறகு மாற்றினால் பைபாஸையும் திரும்ப வைக்கவேண்டும். இந்த எண்களையும், ஒவ்வொரு லாக்ஷீல்டும் எத்தனை சுற்றுத் திறந்திருக்கிறது என்பதையும் அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் எழுதி ஒட்டினேன்.

பின்னர்

மறுபடியும் வெளியே 4 டிகிரி இருந்த ஒரு நாளில் அளந்தபோது பின் அறை 19.5 டிகிரி, மாடி 20-ஐ ஒட்டி. பாய்லரின் போகும் வெப்பத்தை 62-க்குக் குறைத்திருந்தோம், திரும்புவது 46. சுமார் 8 கிலோவாட்டுக்கு நிமிடத்துக்கு 7 லிட்டர் சொச்சம். பம்பின் திரை மணிக்கு 0.4 கன மீட்டர் என்று காட்டியது, கணக்கோடு பொருந்துகிறது. முன்பு ஓடிய 16 லிட்டரில் பாதிகூட இல்லை. பின் அறையின் தூரத்து ரேடியேட்டரில் 60 நுழைந்து 45 வெளியேறியது. எண்ணெய் ஹீட்டர் மாடிப்படிக்கு அடியில் போய்விட்டது.

இயற்கை எரிவாயுவின் புகையிலுள்ள நீராவி சுமார் 55 டிகிரிக்குக் கீழேதான் குளிர்ந்து நீராகும். திரும்பும் தண்ணீர் 64-ஆக இருந்தவரை இந்த வீட்டின் கண்டென்சிங் பாய்லர் பெயரளவில்தான் கண்டென்சிங். வெளிச்சுவரில் இறங்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய் எப்போதும் வறண்டே கிடந்ததாக வீட்டுக்காரர் சொன்னார். இப்போது பாய்லர் ஓடும்போதெல்லாம் அதில் தண்ணீர் சொட்டுகிறது. தேவைக்கு மேல் ஓடும் பம்ப் சத்தத்தையும் மின்சாரத்தையும் மட்டும் வீணாக்குவதில்லை. சூடான தண்ணீரைச் சூடாகவே பாய்லருக்குத் திருப்பி அனுப்பி எரிவாயுவையும் வீணாக்குகிறது. என் கணிப்பில் இந்த மூன்றில் பெரிய இழப்பு இதுதான்.

மின்சாரக் கணக்கு சிறியது. பம்ப் இப்போது 12 வாட்டை ஒட்டி ஓடுகிறது. குளிர்காலத்தில் 2,000 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் முன்பு 180 யூனிட், இப்போது 24. யூனிட் 25 பென்ஸ் என்றால் ஆண்டுக்கு 39 பவுண்டு மிச்சம். புதுப் பம்பின் விலையை அது மீட்டெடுக்கச் சில ஆண்டுகள் ஆகும். பம்ப் மட்டும் மாற்றினால் பில் பாதியாகும் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டாம்.

பரண் தொட்டியை எடுத்துவிட்டு, சூடேறி விரியும் தண்ணீரை ஏற்கும் விரிவுக் கலம் வைத்து மூடிய அமைப்பாக மாற்றச் சொல்லியிருக்கிறேன். காற்று நுழையும் வாயே அப்போது இருக்காது. ஆனால் பழைய மூட்டுகளும் ரேடியேட்டர்களும் கூடுதல் அழுத்தத்தைத் தாங்குமா என்று முதலில் சோதிக்கவேண்டும், செலவும் உண்டு; பாய்லர் மாற்றும்போது சேர்த்துச் செய்துகொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். அது நியாயமான முடிவு.

தங்கள் வீட்டிலும் இதேபோல் ஒரு கடைசி அறை குளிர்ந்து கிடப்பவர்களுக்கு ஒன்று: பம்ப், வால்வு, ரேடியேட்டர் எல்லாம் தண்ணீர்ப் பக்கத்து வேலை. பாய்லரின் உறையைத் திறந்து எரிவாயுப் பகுதியைத் தொடுவது பிரிட்டனில் எரிவாயு வேலைக்கான கேஸ் சேஃப் பதிவு பெற்றவருக்கு மட்டும் உரியது. லாக்ஷீல்டின் அமைப்பை மாற்றுமுன் அது இப்போது எத்தனை சுற்றுத் திறந்திருக்கிறது என்று மூடிப்பார்த்து எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். பம்ப் பாய்லருக்குள்ளேயே இருக்கும், சிலிண்டர் இல்லாமல் வெந்நீரும் தரும் காம்பி வகையானால் அதன் வேகம் பாய்லரின் பட்டியலுக்குள் ஓர் எண்ணாக இருக்கும். அந்த பாய்லர் கேட்கும் குறைந்தபட்ச ஓட்டம் எவ்வளவு என்று கையேட்டில் பார்க்காமல் அதைக் குறைக்கவேண்டாம்.